வந்தோர் கணக்கும் வெறுங்கையோடு திரும்பியோர் கணக்கும்

அரசு நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் பலவற்றில், முகப்புப் பக்கத்தின் அடியில் ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கும். ‘இதுவரை வருகை தந்தோர்’ என்பது அதன் தலைப்பு. ஆண்டறிக்கையில் இடம்பெறுவதும் மேடையில் பெருமையோடு வாசிக்கப்படுவதும் அந்த எண்தான். அத்தனை லட்சம் வருகைகளில் கேட்டது கிடைத்தவை எத்தனை, வெறுங்கையோடு திரும்பியவை எத்தனை என்ற வினாவுக்கு மட்டும் அந்த அறிக்கைகளில் இடம் இருப்பதில்லை. விடைக்குத் தேவையான தரவு இல்லாத குறையால் அன்று. ஒவ்வொரு நொடியும் இயந்திரம் அதை எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதியதைப் படிப்பாரைத்தான் காணோம்.

சர்வர் எனப்படும் வழங்கி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. கேட்ட கணினியின் முகவரி, கேட்ட நேரம், கேட்ட பக்கம், தந்த விடையின் நிலைக்குறியீடு, அனுப்பிய பைட்டுகளின் அளவு ஆகியவை அந்த ஒற்றை வரிக்குள் அடங்கும். எந்தப் பக்கத்திலிருந்து வாசகர் வந்தார், எந்த உலாவியைப் பயன்படுத்தினார் என்ற இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பதிவாகும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய மென்பொருள்களில் இந்தப் பதிவேடு இயல்பாகவே உண்டு. தனிக் கட்டணம் இல்லை. தனி ஒப்பந்தப்புள்ளி இல்லை.

அந்த வரியிலுள்ள மூன்றிலக்க நிலைக்குறியீடுதான் இங்குப் பேசுபொருள். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 301 என்றால் பக்கம் நிலையாக இடம் மாறிவிட்டது, புது முகவரி இதோ என்று பொருள். 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் அப்படியொன்று இங்கே காணப்படவில்லை. 410 என்றால் இருந்தது, நீக்கப்பட்டுவிட்டது. 500 என்றால் வழங்கியே தடுமாறியது. 503 என்றால் இப்போது இயலவில்லை, பிறகு வருக. என்ஜின்எக்ஸ் தன் பதிவேட்டில் மட்டும் எழுதும் 499 என்ற குறியீடும் உண்டு: விடை வருவதற்குள் கேட்டவர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விட்டார் என்பது அதன் பொருள். வாசகரின் பொறுமை தீர்ந்த கணத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்.

மூடிய அடுக்குகளைக் கொண்ட பெரிய நூலகத்தில் அமர்ந்து கோரிக்கைச் சீட்டு எழுதியவர்களுக்கு இவை புதியவை அல்ல. சீட்டு உள்ளே போகும். நூல் வரும், அல்லது ‘அடுக்கில் இல்லை’, ‘பைண்டிங்கில் உள்ளது’, ‘பார்வைக்கு அனுமதி இல்லை’ என்ற குறிப்போடு சீட்டே திரும்பி வரும். திரும்பி வந்த சீட்டுகளை எண்ணாமல், வாசலில் கையெழுத்திட்டோரை மட்டும் எண்ணி ‘நூலகம் சிறப்பாக நடக்கிறது’ என்று ஒரு நூலகர் எழுதினால் எவரும் நகைப்பர். இணையத்தில் அதையே செய்தால் அது சாதனை அறிக்கை ஆகிவிடுகிறது.

இந்த அலட்சியத்தைக் கொல்கத்தாவிலிருந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழாய்வுக்கும் அந்நகருக்கும் உள்ள தொடர்பு வெறும் புலம்பெயர்வுத் தொடர்பு அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை திரட்டிய நூல்களும் சுவடிகளும் அலிப்பூர் பெல்வெடேர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தில் தனித் தொகுப்பாக உள்ளன. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் அந்நூலகத்துக்குச் சேர வேண்டும். தமிழ் நூலும் அதில் அடக்கம். ஆகவே சேலத்திலோ திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஆய்வாளருக்குக் கொல்கத்தா தொலைவிலுள்ள அயல் நகரம் அன்று. ரயிலில் போய்ச் சேர முடியாதவருக்கு இணையமே வாசல். இத்தகைய வாசல்கள் எந்த நிறுவனத்தில் இருந்தாலும், எத்தனை முறை மூடிக்கிடந்தன என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

இரண்டாவது காரணம் இன்னும் கூர்மையானது. பதிவேட்டைப் படித்து, அதை வரைபடமாக்கி, அதன்பின் முடிவெடுக்க வேண்டும் என்ற ஒழுக்கம் இந்தியாவில் வேரூன்றிய நகரமே கொல்கத்தாதான். 1931ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் நேர்ந்தன. சென்னையில் எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுக என்பவை அவற்றுள் இரண்டு. அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் உற்பத்திப் பொருள்களின் தரக் கட்டுப்பாடு குறித்த தம் நூலை வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கொல்கத்தாவில் பிரசந்த சந்திர மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் 1947-48இல் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று ஷூஹார்ட் இந்தியாவுக்கே வந்தார். இணையதளத்தின் நிலைக்குறியீடுகளை வரைபடமாக்குவதற்கு வேண்டிய அறம், கருவி, நிறுவனம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்த நாட்டிலேயே இருக்கின்றன.

மகலனோபிஸின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். கண்ணெதிரே கண்ட கடைசி வெள்ளமே அவர்களுக்குச் சான்றாக இருந்தது. மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். படுகை உயர்ந்ததற்கு அவற்றில் சான்று இல்லை. கரையை உயர்த்துவது தீர்வாகாது, மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்ற முடிவு அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்தது. அணைக்கரையில் நின்று நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்த பெயரறியாத எழுத்தர் ஒருவரின் வேலையைத்தான் இன்று வழங்கியின் பதிவேடு செய்கிறது. தளம் முடங்கிய மறுநாள் ‘கூட்டம் அதிகம், புதிய வழங்கி வாங்குவோம்’ என்று கோப்பு நகர்த்துவோர், கரையை உயர்த்தச் சொன்னவர்களின் வாரிசுகள். முடங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் 503 எத்தனை, 500 எத்தனை, எந்த ஒற்றைப் பக்கத்தில் அவை குவிந்தன என்று பார்த்தால், பழுது இயந்திரத்தின் கொள்ளளவிலா, ஒழுங்காக எழுதப்படாத ஒரு தரவுத்தள வினவலிலா என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வரைபடம் என்றால் வண்ணக் கோடுகள் நெளியும் திரை என்று கொள்வது அடுத்த பிழை. கோடு எப்போதும் அசையும். எந்த அசைவு இயல்பானது, எது காரணம் தேட வேண்டியது என்று பிரித்துக் காட்டுவதே ஷூஹார்ட்டின் கட்டுப்பாட்டு வரைபடம். எடுத்துக்காட்டாக, ஐந்து நிமிடத்துக்கு 1000 கோரிக்கைகள் வரும் ஒரு தளத்தில் வழக்கமாக நூற்றுக்கு 2 வீதம் தோல்வியடைகின்றன என்று கொள்வோம். சராசரி 20. எளிய கணக்கின்படி அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.4, மும்மடங்கு 13. ஆகவே 7 முதல் 33 வரை வரும் எண்கள் நாளாந்த அசைவு. அவற்றுக்காக எவரையும் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. 33க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். 7க்குக் கீழே போனாலும் தேட வேண்டும்: தளம் திடீரெனத் திருந்தியிருக்கலாம், அல்லது பிழையை மறைக்கும் ஏற்பாடு ஒன்று புகுந்திருக்கலாம். வலைக் கோரிக்கைகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஒரே வாசகரின் ஒரே பக்கம் இருபது கோரிக்கைகளை எழுப்பும். ஆகவே மெய்யான எல்லைகள் இவற்றினும் அகன்றிருக்கும். தளத்தின் சில வாரப் பதிவிலிருந்தே அவற்றை வகுக்க வேண்டும். முறை மட்டும் மாறாது.

பிழையை மறைக்கும் ஏற்பாடு என்பது கற்பனை அன்று. ‘மன்னிக்கவும், நீங்கள் தேடிய பக்கம் இல்லை’ என்று திரையில் எழுதிவிட்டு, 200 என்ற குறியீட்டோடு அதை அனுப்பும் தளங்கள் ஏராளம். வாசகரிடம் ‘இல்லை’ என்கிறது. பதிவேட்டில் ‘கொடுத்துவிட்டேன்’ என்று எழுதுகிறது. இல்லாத பக்கம் எதைக் கேட்டாலும் முகப்புக்கே திருப்பி அனுப்பும் வழக்கமும் இதே வகை. நூல் இல்லை என்று திரும்பிய சீட்டைக் கிழித்துவிட்டு, வழங்கல் பேரேட்டில் ஒப்பம் போடும் ஊழியரை எந்த நூலகமும் பொறுத்துக்கொள்ளாது. மென்பொருள் செய்தால் மட்டும் அது ‘வாசகர் அனுபவ மேம்பாடு’ என்ற பெயர் பெறுகிறது. வாசகருக்குப் பணிவான சொல்லும் இயந்திரத்துக்கு 404 என்ற மெய்யான எண்ணும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியும். அதற்குத் தடையாக எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இதில் தனி இழப்பு உண்டு. ‘கொல்கத்தா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்க. அதன் முதலெழுத்தாகிய ‘கொ’வை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. வழங்கியிடம் முன்னது ஆறு பைட்டுகள், பின்னது ஒன்பது பைட்டுகள். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. அந்த விதிப்படி இணக்கப்படுத்தாத தளத்தில் ஒரு வடிவத்துக்கு நூல் கிடைக்கும், மற்றதற்கு 404 வரும். வாசகர் தம் கண்ணால் எந்தப் பிழையையும் காண மாட்டார். ‘இந்த நூல் இவர்களிடம் இல்லை போலும்’ என்று எண்ணிப் போய்விடுவார். ஆய்வேட்டிலும் அப்படியே எழுதிவிடுவார்.

இதை மொத்த வரைபடம் காட்டிக்கொடுக்காது. மேலே சொன்ன 1000 கோரிக்கைகளில் தமிழ்ப் பெயர் கொண்டவை 10 என்று கொள்க. அந்தப் பத்தும் முழுமையாகத் தோற்றாலும் மொத்தத் தோல்வி 20இலிருந்து 30 அளவுக்கே ஏறும். எல்லை 33. கோடு அமைதியாக இருக்கும். பொறுப்பாளர் நிம்மதியாக இருப்பார். தமிழில் கேட்ட அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். சிறு பிரிவுகளைத் தனியே பிரித்து எண்ணாத கணக்கு பெரும்பான்மையின் கணக்காக மட்டுமே நிற்கும் என்பது கூறெடுப்பு ஆய்வின் அரிச்சுவடி. 1930களில் வங்காளத்துச் சணல் பயிரை மதிப்பிடக் கூறெடுப்பு முறையை வளர்த்த நிறுவனம் இருக்கும் நகரத்தில் அதை மறுபடி சொல்ல வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது. மொழிவாரியாக, தொகுப்புவாரியாக, பக்கவகைவாரியாகத் தனித்தனி வரைகோடு வேண்டும். தேசிய என்ற சொல்லைப் பெயரில் தாங்கும் எந்த நிறுவனத்துக்கும் இது விருப்பத் தேர்வு ஆகாது.

எதிர்வாதங்கள் சில வழக்கமாக எழும். ‘புகார் எதுவும் வரவில்லையே’ என்பது முதலாவது. புகார் எழுதுவோர், கேட்டது இருக்க வேண்டும் என்று உறுதியாக அறிந்தோர் மட்டுமே. இருப்பதே தெரியாத மாணவர் எதைப் புகார் செய்வார்? ‘404 வாசகரின் பிழை, முகவரியைத் தவறாகத் தட்டுகிறார்கள்’ என்பது இரண்டாவது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு அதே வரியில் இருக்கும்போது இதை ஊகத்தால் பேச வேண்டியதில்லை. அந்தக் குறிப்பில் நிறுவனத்தின் சொந்தப் பக்கமே இருந்தால், தவறான வழிகாட்டிப் பலகையை நட்டது நிறுவனமே. ‘பெரும்பாலான கோரிக்கைகள் மனிதர்களுடையவை அல்ல, தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு திரட்டும் நிரல்களும்தாம் வருகின்றன’ என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை முதலில் இடிப்பது முகப்பிலுள்ள வருகையாளர் எண்ணைத்தான். நிரல்களைப் பிரித்து எண்ணவும் இதே பதிவேடுதான் வேண்டும்.

நான்காவது எதிர்வாதம் மதிக்கத்தக்கது: பதிவேட்டைப் படிப்பது வாசகரை வேவு பார்ப்பதாகாதா? யார் எந்த நூலைக் கேட்டார் என்பது காக்கப்பட வேண்டிய செய்தி, அதில் ஐயமில்லை. ஆனால் நிலைக்குறியீட்டு வரைபடத்துக்குக் கணினி முகவரி தேவையில்லை. நேரம், பக்கவகை, மூன்றிலக்க எண் ஆகிய மூன்றும் போதும். எண்ணிக்கை எடுத்தபின் முகவரியை மறைத்துவிடலாம். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022 அன்று பிறப்பித்த ஆணைப்படி, அரசு நிறுவனங்கள் உட்படப் பலரும் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வேவுக்கும் விசாரணைக்கும் பயன்படக்கூடிய முழுப் பதிவேடு ஆறு மாதம் பூட்டி வைக்கப்படுகிறது. வாசகருக்குப் பயன்படும் சிறு எண்ணிக்கை மட்டும் எடுக்கப்படுவதில்லை. அந்தரங்கத்தின் பெயரால் பேசுவோர் முதலில் இந்த முரணைக் களைய வேண்டும்.

‘ஆளில்லை, பணமில்லை’ என்பது கடைசி எதிர்வாதம். கோஅக்சஸ் என்ற கட்டற்ற மென்பொருள், கையிலுள்ள பதிவேட்டைப் படித்துக் குறியீடுவாரியாகப் பிரித்துத் தரும். தொடர்ந்து கண்காணிக்கப் புரோமிதியஸ், வரைந்து காட்டக் கிராஃபானா ஆகியவை உள்ளன. இவற்றுக்கும் உரிமக் கட்டணம் இன்றிக் கிடைக்கும் பதிப்புகள் உண்டு. இவை எதுவும் வேண்டாம் என்றால், பதிவேட்டிலிருந்து நிலைக்குறியீட்டை மட்டும் பிரித்து எண்ணும் ஒற்றை வரிக் கட்டளையை ஒரு முதுநிலை மாணவர் எழுதிவிடுவார். நாளுக்கு ஒரு வரி, ஆண்டுக்கு 365 வரி. அதை ஒரு வரைதாளில் கையாலும் வரையலாம். ஷூஹார்ட்டின் முதல் வரைபடம் 1924இல் அப்படித்தான் வந்தது. இல்லாதது பணம் அன்று. வரைந்தபின் தெரியவரும் எண்ணை எதிர்கொள்ளும் துணிவு.

ஒன்றை மட்டும் பதிவேட்டால் சொல்ல இயலாது. முழுதாக வீழ்ந்துவிட்ட வழங்கி எந்தப் பிழையையும் எழுதாது. அதன் பதிவேட்டில் மௌனமே இருக்கும், மௌனம் வரைபடத்தில் தூய்மையாகத் தெரியும். இதற்கும் கொல்கத்தாவில் விடை உண்டு. ஒரே நிலப்பரப்பை ஒன்றையொன்று சாராத இரண்டு குழுக்களைக் கொண்டு அளந்து, வேறுபாட்டிலிருந்து பிழையை அறியும் ஊடுருவு கூறெடுப்பு முறையை மகலனோபிஸ் வகுத்தார். அதன்படி உள்ளே பதிவேடு ஒன்றும், வேறொரு வலையமைப்பிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மை ஒளிந்திருக்கும்.

இந்த அலட்சியத்தின் விலையைத் தமிழாய்வு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்ற பெருந்திட்டத்தில் தமிழ் உட்படப் பல மொழி நூல்கள் லட்சக்கணக்கில் மின்வடிவம் பெற்றன. ஏறத்தாழ 2017இலிருந்து அந்தத் தளம் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தது. பதிப்புரிமையே காரணமாகச் சொல்லப்பட்டது. பெருமளவு நூல்களின் படிகள் அமெரிக்காவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவில் இருப்பதால் வாசிப்பு முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஆனால் அதுவரை எழுதப்பட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலிருந்த முகவரிகள் எங்கும் இட்டுச் செல்லாத வழிகளாயின. நீக்கியவற்றுக்கு 410, இடம் மாறியவற்றுக்கு 301 என்ற இரண்டு எண்கள் இத்தகைய நாளுக்காகவே வகுக்கப்பட்டவை. எந்த முகவரிகளை வாசகர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து, அவற்றையேனும் புது இடத்துக்குத் திருப்பிவிடுவது எந்தக் காப்பகமும் மூடும்போது செய்யக்கூடிய கடைசி மரியாதை.

ஆகவே கோரிக்கை எளியது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மின்னூலகமும் காப்பகமும், வருகையாளர் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது எண் ஒன்றையும் வெளியிட வேண்டும்: சென்ற மாதம் கேட்டும் கிடைக்காமல் திரும்பிய கோரிக்கைகள் இத்தனை, அவற்றுள் தமிழில் இத்தனை, வங்காளத்தில் இத்தனை, சந்தாலியில் இத்தனை. அந்த எண் முதலில் பெரிதாகத்தான் இருக்கும். பெரிதாக இருப்பது இழுக்கு அன்று. ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அடுத்த மாதம் அதைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பிறக்கும். அதற்கு அஞ்சித்தான் அது எண்ணப்படாமல் கிடக்கிறது. நூல் எங்கோ ஓர் அடுக்கில் இருக்கிறது. வாசகர் வாசலுக்கு வந்துவிட்டார். இடையில் நின்று ‘இல்லை’ என்று சொன்ன வரி, பூட்டிய கோப்பு ஒன்றில் 180ஆம் நாள் அழிவதற்குக் காத்திருக்கிறது.